ஒரு கணக்கு நூலகத்தின் கதை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிதக் கழகப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் என்னைச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு அவ்வளவாக வராது. கரும்பலகை முன்னால் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றால்தான் வாய் திறக்கும். பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளை வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் தீர்க்க வேண்டிய பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தீர்ப்பதற்கு இந்த மேடையை விட்டால் வேறு இடம் இல்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தேன். அதில் ஒரு கணக்கு இப்படி: இரண்டு பென்சிலும் மூன்று அழிப்பானும் சேர்ந்து 2 வெள்ளி 70 காசு. ஒரு பென்சிலும் இரண்டு அழிப்பானும் சேர்ந்து 1 வெள்ளி 65 காசு. ஒரு பென்சில் என்ன விலை, ஓர் அழிப்பான் என்ன விலை?

நான் சொல்லிக் கொடுத்த வழி, அட்டவணை போட்டு ஒவ்வொரு விலையாக வைத்துப் பார்ப்பது. பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் செய்திருந்தார்கள். இரண்டு தாள்களில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. இரண்டாவது வரியை இரட்டிப்பாக்கி, இரண்டு பென்சிலும் நான்கு அழிப்பானும் 3 வெள்ளி 30 காசு என்று எழுதி, அதிலிருந்து முதல் வரியைக் கழித்திருந்தார்கள். பென்சில் காணாமல் போய்விட்டது. ஓர் அழிப்பான் 60 காசு என்று நிற்கிறது. அதை வைத்துப் பென்சில் 45 காசு. விடை சரி.

நான் சொல்லிக் கொடுக்காத வழி. அதுவும் இரண்டு தாளில், எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. ஒன்று முன் வரிசையில் உட்காரும் ஒரு மாணவியின் தாள். மற்றது அவளுக்குப் பின்னால் உட்காரும் பையனுடையது. நான் யோசிக்கவே இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டிலும் குறுக்கே கோடு போட்டேன். "பார்த்து எழுதியது" என்று எழுதி, இருவருக்கும் பூஜ்யம் போட்டேன். வகுப்புக்கு முன்னால் நிற்கவும் வைத்தேன்.

மறுநாள் காலை அந்தப் பிள்ளையின் தாயார் வேலைக்குப் போகிற உடையோடு பள்ளிக்கு வந்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "சார், எம் புள்ள பாத்து எழுதலீங்க. மொத நாளு சாயங்காலம் லயத்து வாசல்ல உக்காந்து அந்தப் பையனுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. நான் பாத்தேன். சொல்லிக் குடுத்தது தப்பாங்க சார்?"

என்னிடம் பதில் இல்லை. "நான் பார்க்கிறேன் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பயிற்சிக் கல்லூரியில் பாடத் திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பை அடக்கி வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என் வகுப்பில் கை தூக்கவே இல்லை.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் ஒரு கணினி நிரல் நூலகம். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நூலகம் என்றால் அலமாரியும் புத்தகமும் நினைவுக்கு வரும். கணினிக்காரர்கள் நூலகம் என்று சொல்வது வேறு. ஒருவர் ஒரு கணக்கைப் போடும் வழியைக் கணினிக்குப் புரியும்படி எழுதிச் சோதித்து வைத்துவிடுகிறார். அடுத்தவர் அதை மறுபடி எழுத வேண்டியதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அது வந்து வேலையைச் செய்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட நிரல்களை அடுக்கி வைத்த தொகுப்புதான் நிரல் நூலகம். எழுதியதை மூடி வைக்காமல், எப்படி எழுதினோம் என்பதையும் எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் அது திறமூல நூலகம்.

உலகத்தில் மிக அதிகமாகக் கூப்பிடப்படும் கணக்குகளில் ஒன்று, நம் பென்சில் அழிப்பான் கணக்குதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நமக்குத் தெரியாத விலை இரண்டு. பாலம் கட்டுபவருக்கும் விமானம் செய்பவருக்கும் தெரியாத எண்கள் நூறு இருக்கும், ஆயிரம் இருக்கும், பல இலட்சமும் இருக்கும். வழி ஒன்றே. ஒரு வரியைப் பெருக்கி, இன்னொரு வரியிலிருந்து கழித்து, தெரியாத எண்களை ஒவ்வொன்றாகக் காணாமல் போகச் செய்வது. ஜெர்மனி நாட்டுக் கணித மேதை கவுஸ் என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. ஆனால் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' என்பதிலேயே இந்த வழி இருக்கிறது. தானியக் கதிர்க் கட்டுகளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாருங்களேன், லயத்து வாசலில் ஒரு பத்து வயசுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வழி எவ்வளவு பழைய வழி! நான் அதற்குத்தான் பூஜ்யம் போட்டேன்.

இரண்டு எண் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். தெரியாத எண் நூறு என்றால்? கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சேர்த்துச் சுமார் 6 இலட்சத்து 87 ஆயிரம் தடவை செய்ய வேண்டும். விநாடிக்கு ஒன்று என்று, சாப்பிடாமல் தூங்காமல் செய்தாலும் ஏறக்குறைய எட்டு நாள் ஆகும். அதனால்தான் கணினி வேண்டியிருக்கிறது.

கணினியிடம் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். 1-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள், மாணவர்களே. 0.333 என்று போய்க்கொண்டே இருக்கும். கணினி அதை எங்கேயோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு துளி பிழை. இலட்சக்கணக்கான தடவை செய்தால் துளி பெருவெள்ளம் ஆகிவிடாதா? இந்தப் பயம் தொடக்க காலத்தில் பெரியவர்களுக்கே இருந்தது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆலன் டூரிங்கோடு வேலை பார்த்த ஜேம்ஸ் வில்கின்சன் என்பவர், அந்தப் பிழை எப்படி வளர்கிறது, எப்படிச் செய்தால் அடங்கியிருக்கும் என்பதை ஆராய்ந்து காட்டினார். அதற்காக 1970-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. கணினித் துறையின் மிக உயர்ந்த விருது அதுதான்.

வில்கின்சனும் கிறிஸ்டியன் ரைன்ஷ் என்பவரும் சேர்ந்து 1971-இல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். கணக்கு வழிகளை அல்கால் என்ற கணினி மொழியில் முழுமையாக எழுதிப் புத்தகத்திலேயே அச்சடித்துவிட்டார்கள். "எனக்குத் தெரியும், உனக்கு ஏன் சொல்ல வேண்டும்?" என்று அவர்கள் பூட்டி வைக்கவில்லை.

ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலோர் பயன்படுத்தியது ஃபோர்ட்ரான் என்ற வேறொரு மொழி. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மொழி அது. சிகாகோ நகரத்துக்குப் பக்கத்தில் அர்கான் தேசிய ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு குழு, அந்தக் கையேட்டில் இருந்த வழிகளில் ஒரு பகுதியை எடுத்து ஃபோர்ட்ரான் மொழிக்கு மாற்றியது. மாற்றியதோடு நிற்கவில்லை. பல இடங்களில் இருந்த பல வகைக் கணினிகளில் ஓட்டிச் சோதித்த பிறகே வெளியிட்டது. அதற்கு ஐஸ்பேக் என்று பெயர் வைத்தார்கள். ஐகன் என்ற ஜெர்மன் சொல்லின் முதல் பகுதியும், கட்டு அல்லது பொட்டலம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்த பெயர். நான் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள், "சார், ஐஸ் பாக்கெட்டா?" என்று சிரித்தார்கள். சிரித்தாலும் மறக்கவில்லை. நல்ல பெயருக்கு அதுதானே இலக்கணம்?

அந்த ஆய்வுக்கூடத்துக்கு 1972-ஆம் ஆண்டு ஓர் இளைஞர் பயிற்சிக்கு வந்தார். பெயர் ஜாக் டொங்காரா. சிகாகோவில் ஒரு சாதாரண அரசாங்கக் கல்லூரியில் படித்தவர். அவருடைய ஆசை என்ன தெரியுமா? உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக வேண்டும் என்பதுதான். ஒரு பேராசிரியர், "இந்தப் பயிற்சிக்கு மனுப் போட்டுப் பார்" என்று சொல்லியிருக்கிறார். போனவர் ஐஸ்பேக் வேலையில் சேர்ந்தார். பிறகு அந்தத் துறையை விட்டு வரவே இல்லை. ஓர் ஆசிரியரின் ஒரு சொல் ஒரு மாணவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். ஓர் ஆசிரியரின் ஒரு சிவப்புக் கோடு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஐஸ்பேக் ஒரு வகைக் கணக்குக்குத்தான். நம் பென்சில் அழிப்பான் வகைக் கணக்குக்கு இன்னொரு தொகுப்பு தேவைப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் நான்கு பேர் சேர்ந்தார்கள். டொங்காரா, கிளீவ் மோலர், ஸ்டூவர்ட், பஞ்ச் என்பவர்கள். ஒருவர் மேரிலாந்தில், ஒருவர் நியூ மெக்சிகோவில், ஒருவர் கலிபோர்னியாவில் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்கள். கோடைக் காலத்தில் அர்கானில் கூடுவார்கள், மற்ற மாதங்களில் அவரவர் இடத்தில் இருந்து எழுதுவார்கள். 1979-இல் தொகுப்பும் அதற்கான கையேடும் வெளிவந்தன. ஒருபடிச் சமன்பாடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லான லீனியர் என்பதில் முதல் மூன்று எழுத்து, அதோடு அதே பொட்டலம். லின்பேக்! அந்தப் பெயர் மீது டொங்காராவுக்கு எவ்வளவு பிரியம் என்றால், தன் காரின் எண் பலகையிலேயே லின்பேக் என்று போட்டுக்கொண்டார். நான்கு பேரும் அந்தக் காரோடு நின்று எடுத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது.

தொகுப்புக்குள்ளே ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பெயர் வேண்டும். இங்கேதான் ஒரு சங்கடம். அந்தக் காலத்து ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. ஆறு எழுத்தில் ஒரு முழு விளக்கத்தையும் எப்படி அடக்குவது? ஒழுங்காக அடக்கினார்கள். லின்பேக்கில் முதல் எழுத்து எண்ணின் வகையைச் சொல்லும். எஸ் என்றால் சாதாரணத் துல்லியம், டி என்றால் இரட்டைத் துல்லியம். அடுத்த இரண்டு எழுத்து, கணக்கின் உருவத்தைச் சொல்லும். ஜி இ என்றால் பொதுவான உருவம். கடைசி இரண்டு எழுத்து, செய்யும் வேலை. எஃப் ஏ என்றால் பிரித்தல், எஸ் எல் என்றால் தீர்த்தல். ஆக, எஸ்-ஜிஇ-எஃப்ஏ என்று கூப்பிட்டால் கழித்துக் கழித்துப் பிரித்து வைக்கும். எஸ்-ஜிஇ-எஸ்எல் என்று கூப்பிட்டால் விடை சொல்லும். நம் ஊரில் ஒருவரைக் கூப்பிடும்போது எந்தத் தோட்டம், எந்த லயம், யார் மகன் என்று சேர்த்துச் சொல்கிறோம் அல்லவா? அது மாதிரி. பெயரைக் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும்.

இந்தத் தொகுப்புக்கு அடியில் இன்னும் சிறிய அடிப்படை நிரல்கள் இருந்தன. லாசன், ஹேன்சன், கின்கெய்டு, குரோக் என்ற நால்வர் 1979-இல் வெளியிட்டவை. அவற்றுக்கு பிளாஸ் என்று பெயர். அதில் ஒன்று எஸ்-ஏ-எக்ஸ்-பி-ஒய். ஏ மடங்கு எக்ஸ், அதோடு ஒய்யைக் கூட்டு என்பதன் சுருக்கம். ஒரு வரியைப் பெருக்கி இன்னொரு வரியோடு சேர்ப்பது. மறுபடியும் பாருங்கள், லயத்து வாசல் வழிதான்!

லின்பேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சி ஓ என்று முடியும் சில நிரல்கள் உண்டு. அவை இந்தக் கணக்கின் விடையை எவ்வளவு நம்பலாம் என்று ஓர் எண்ணையும் தரும். "ஐயா, நான் போட்டுவிட்டேன். ஆனால் இந்தக் கணக்கு ஆபத்தானது, ஜாக்கிரதை" என்று இயந்திரமே சொல்லிவிடும். சிவப்புப் பேனா பிடித்த அன்று எனக்குள்ளே அப்படி ஒரு நிரல் ஓடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்த 1979-ஆம் ஆண்டுக் கையேட்டின் பின்பகுதியில் டொங்காரா ஓர் அட்டவணை சேர்த்தார். நூறு எண் கணக்கைப் போட எந்தக் கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று இருபதுக்கும் மேற்பட்ட கணினிகளைப் பட்டியல் போட்டார். பயன்படுத்துவோருக்கு ஓர் உதவியாகச் செய்தது அது. அது வளர்ந்து வளர்ந்து, 1993 முதல் உலகின் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியல் ஆகிவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை அது வெளிவருகிறது. எந்த நாட்டுக் கணினி முதலிடம் என்று நாடுகள் போட்டி போடுகின்றன. போட்டியில் கொடுக்கப்படும் கணக்கு? நம் கணக்குதான்.

பத்து ஆண்டுக்குள் கணினிகள் மாறிவிட்டன. கூட்டுவதும் பெருக்குவதும் மிக வேகமாகிவிட்டது. ஆனால் எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்து வருவது அவ்வளவு வேகமாகவில்லை. இது நம் பெற்றோர்களுக்குச் சட்டென்று புரியும். இப்போது நம்மைச் சுற்றிச் செம்பனைதான் இருக்கிறது. ரப்பர் மரம் வெட்டிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மங்குப் பாலையும் தனித்தனியாக ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு நடந்தால் பொழுது நடையிலேயே போய்விடும். வாளி நிறையச் சேர்த்து, காண்டாக் கம்பில் மாட்டி ஒரே நடையாகக் கொண்டுபோனால்தான் கட்டுப்படியாகும். லின்பேக் மங்கு மங்காகத் தூக்கியது. புதிய கணினிகளுக்கு வாளி வாளியாகத் தூக்கும் தொகுப்பு வேண்டும்.

அதற்காக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த பலர் சேர்ந்து, ஐஸ்பேக்கையும் லின்பேக்கையும் ஒன்றாக்கிப் புதிதாக எழுதினார்கள். 1992-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி அது வெளிவந்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் தேதியில் பிறந்த குழந்தை! லீனியர், அல்ஜீப்ரா என்ற இரண்டு சொல்லின் முதல் எழுத்துகளோடு அதே பழைய பொட்டலத்தைச் சேர்த்து லேபேக் என்று பெயர் வைத்தார்கள். தாத்தா பெயரில் ஒரு பகுதியைப் பேரனுக்கு வைப்போமே, அந்த மாதிரி. உள்ளே இருக்கும் நிரல்களின் பெயரும் பழைய முறையிலேயே, எண்ணின் வகை, உருவம், வேலை என்ற வரிசையில்தான் வந்தது.

மோலர் நியூ மெக்சிகோவில் பேராசிரியராக இருந்தபோது, தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதத் தெரியாமலே இந்தத் தொகுப்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு சிறு நிரல் செய்தார். மேட்லேப் என்று பெயர் வைத்தார். அணிகளின் ஆய்வுக்கூடம் என்று பொருள். அது 1984-இல் ஒரு நிறுவனமாக வளர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பைத்தான், ஆர் போன்ற மொழிகளில் ஒரு சமன்பாட்டுக் கணக்கைக் கொடுத்தால், உள்ளே போய் வேலை செய்வது பெரும்பாலும் லேபேக்தான். கூப்பிடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். வில்கின்சனின் வழியை அர்கான்காரர்கள் எடுத்தார்கள். அர்கான்காரர்களுடையதை லேபேக்காரர்கள் எடுத்தார்கள். லேபேக்கை உலகமே எடுக்கிறது. இவர்களில் யார் பார்த்து எழுதியவர்? யாருக்குப் பூஜ்யம் போடுவது?

இதற்கு அவர்களே ஒரு நெறி வைத்திருக்கிறார்கள். லேபேக்கை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். விலை இல்லை. ஆனால் எழுதியவர்களின் பெயரை அழிக்கக் கூடாது. எவராவது அதில் ஒரு நிரலைத் திருத்தினால், திருத்தியதற்கு வேறு பெயர் வைக்கும்படியும், என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்கும்படியும் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஏன்? பழைய பெயரை நம்பிக் கூப்பிடுகிறவர் ஏமாந்துவிடக் கூடாது. புதிய பிழைக்குப் பழையவர் பழி சுமக்கக் கூடாது. பெயர் என்பது வெறும் அலங்காரம் இல்லை. அது ஒரு வாக்குறுதி என்பதை இங்கேதான் நான் கற்றுக்கொண்டேன்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஜப்பான் நாட்டில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த கசுஷிகே கோட்டோ என்பவர், அந்த பிளாஸ் நிரல்களை மிக மிக வேகமாக ஓடும்படி கையாலேயே எழுதினார். பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்த வேலையைத் தொடர்ந்தார். அவர் பெயரால் அதைக் கோட்டோபிளாஸ் என்றார்கள். அவர் அந்த வேலையை விட்டுப் போன பிறகு, கதை முடிந்ததா? இல்லை. மூலம் திறந்திருந்தது. சீனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் அதை எடுத்து வளர்க்கத் தொடங்கினார்கள். கோட்டோவின் பெயரைத் தங்களுடையதாக வைத்துக்கொள்ளாமல் ஓப்பன்பிளாஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் எழுதி வைத்தார்கள். ஒருவர் போனாலும் தேர் நிற்கவில்லை. ஊர் கூடி இழுத்தது.

ஆகவே, பார்த்து எழுதுவது வேறு, பகிர்ந்து கொள்வது வேறு. பார்த்து எழுதுகிறவன் பெயரை மறைக்கிறான், தனக்குப் புரிந்ததா என்று சோதிப்பதும் இல்லை. பகிர்ந்து கொள்கிறவன் பெயரைச் சொல்கிறான், சோதித்துப் பார்க்கிறான், தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறான். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "இதே மாதிரி இன்னொரு கணக்குப் போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவனுக்குப் புரிந்திருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் அவர்கள் இருவரையும் கூப்பிட்டேன். பையனிடம் புதிய கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். போட்டுவிட்டான்! போட்டுவிட்டு, "அவதான் சார் சொல்லிக் குடுத்தா" என்றான். அன்றே இருவருக்கும் மதிப்பெண்ணைத் திருத்தினேன். வகுப்புக்கு முன்னால் மன்னிப்பும் கேட்டேன்.

பிறகு நாங்களே ஒரு நூலகம் தொடங்கினோம். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பிஸ்கட் டின். அதற்குள் அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கணக்கு வழி. மூன்று விதிகள் வைத்தோம். ஒன்று, யார் கண்டுபிடித்தார், யாரிடம் கற்றார் என்று பெயர் எழுத வேண்டும். இரண்டு, வேறு ஒருவர் மூன்று கணக்குப் போட்டுச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று, அட்டையைத் திருத்தினால் புதுப் பெயர் வைத்து, என்ன மாற்றினோம் என்று எழுத வேண்டும். பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று பிள்ளைகளே நான்காவது விதி ஒன்றையும் சேர்த்தார்கள். தமிழில் ஆறு எழுத்து என்றால் தாராளம்!

முதல் அட்டைக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு வாரம் சண்டை. அந்த மாணவி வகுப்பில் கை தூக்காமல் இருந்தவள் அல்லவா? அன்று கை தூக்கினாள். "இரட்டி" என்று வைக்கலாம் சார் என்றாள். இரண்டாவது வரியை இரட்டிப்பாக்குவதால் இரட்டி. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பின்னால் ஒருவன், இரட்டிப்பாக்கினால் மட்டும் போதாது, சில கணக்குக்கு மும்மடங்கும் ஆக்க வேண்டியிருக்கிறது என்று கண்டான். விதிப்படி புதிய அட்டை எழுதி, "மடங்கு" என்று பெயர் வைத்தான். கீழே, "இரட்டியிலிருந்து எடுத்தது" என்று எழுதினான். நான் சொல்லவில்லை, அவனே எழுதினான்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்தே இராத பிள்ளைகள் இந்த ஆண்டு "இரட்டி" அட்டையை எடுத்துப் படிக்கிறார்கள். அட்டையின் ஓரம் அழுக்கேறி மடங்கிவிட்டது. பெயர் அழியவில்லை.

டொங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. வில்கின்சன் அதே விருதைப் பெற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அவருடைய வழியை மொழிமாற்றிய குழுவில் பயிற்சிக்கு வந்த இளைஞருக்கும் அது கிடைத்தது. வழியைச் சொல்லிக் கொடுத்தவரும் பெரியவரானார், கேட்டுக்கொண்டவரும் பெரியவரானார். சொல்லிக் கொடுத்ததால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். இந்தப் பரிசுக்கு யார் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். பரிசு வாங்காதவர்களும் எழுதலாம். நீங்கள் யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அதுவும் ஒரு பரிசுப் பட்டியல்தான்.

நிறைவாக, நான் தீர்க்க வேண்டிய பாக்கி. வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணையும் திருத்தினேன். ஆனால் அன்று காலை வேலைக்குப் போகிற உடையோடு வந்து நின்ற அந்தத் தாயாருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருடைய இளைய பிள்ளை இன்று பரிசு வாங்குகிறது. ஆகவே அவர் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் கேட்டீர்களே, சொல்லிக் கொடுத்தது தப்பா என்று. தப்பு இல்லை அம்மா. தப்பு என்னுடையது.